நந்தி மலை ஒயின் ஆலைக்குப் போகிறீர்களா? அன்றைக்குப் பிச்சிப்பூ வேண்டாம்

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ரப்பருக்கு இடையில் அன்னாசி, ஓரத்தில் மட்டி வாழை. மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். ஜனவரி கடைசியில் நாங்கள் போகும்போது நந்தி மலைப் பக்கம் சின்ன ஒயின் ஆலைகளைப் பார்க்கலாம் என்கிறாள். அங்கே என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போட்ட பழக்கத்தில், நம்மூரிலேயே சின்னதாக ஒரு ஆலை தொடங்கினால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நடக்குமா? வரும்போது நாலு பாட்டில் கொண்டுவரலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். கையில் பில் இருந்தாலும் அது கர்நாடகத்துக்கு வரி கட்டிய பில்தான், தமிழ்நாட்டுக்குக் கட்டியது இல்லை. புதுச்சேரிச் சரக்கை எல்லையில் பிடிப்பதும் இதே காரணத்துக்குத்தான். பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரி வருகிற ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வந்தால் நடுவில் கேரளத்தையும் கடக்க வேண்டும், அங்கே வேறு சட்டம். பிடித்தவற்றை அங்கேயே வாங்கி மகள் வீட்டில் வைத்துக் குடியுங்கள், நிம்மதியாக ஊர் வந்து சேருங்கள்.

அடுத்து தேதி. ஜனவரி 26 குடியரசு தினம், மது விற்பனை கிடையாது. லீவு நாள்தானே என்று அன்றைக்கு வண்டி பிடித்துப் போனால் ருசி பார்க்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பயணத்தைப் பிப்ரவரி நடுவுக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள், ஏனென்றால் அறுவடை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் பறிக்கிற திராட்சையை நம் நாட்டில் கோடை தொடங்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். கொடியை வருஷத்தில் இரண்டு முறை கவாத்து செய்வார்கள், அதாவது கிளையை வெட்டிவிடுவார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கிளை விடுவதற்கு. மழை அடங்கும் சமயம் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது பழத்துக்கு. மழையில் பூவும் பிஞ்சும் அழுகாமல், குளிர்ந்த இரவுகளில் பழம் நிதானமாகப் பழுக்க இதுதான் வழி. எந்த வாரம் பறிப்பார்கள் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது என்றால், அந்தப் பக்கம் பெரிய பெயர் குரோவர் ஜாம்பா, தொட்டபள்ளாபூர் அருகில் இருக்கிறது. சுற்றிக் காட்டுவது, ருசி பார்க்க வைப்பது எல்லாம் அங்கே முறையாக நடக்கும், காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் அதைப் பாருங்கள், ஒரு ஆலை எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் பதியும். மறுநாள் ஒரு சின்ன இடம். சின்ன இடத்துக்குச் சனி, ஞாயிறு போகாதீர்கள். வார நாளில் போனால் அநேகமாக முதலாளியே வந்து பேசுவார். வார இறுதியில் அவருக்குக் கூட்டத்தைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

அப்புறம் தலைப்பில் சொன்ன விஷயம். தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் பிச்சி, மல்லிகை, சென்ட், வாசனைப் பவுடர் எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஒயினில் பாதிக்கு மேல் மூக்கு வேலை. ஒரு அறையில் ஒருவர் தலையில் இரண்டு முழம் பிச்சி இருந்தால் பத்துப் பேருக்கு அன்றைக்கு எல்லாக் கிளாஸும் பிச்சிதான். வெற்றிலையும் காரசாரமான காலைச் சாப்பாடும் அப்படித்தான். ஆனால் வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், இரண்டு இட்லி போதும். வெள்ளை, ரோஸே என்கிற இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையில் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒயின் போடுகிறவர்களே துப்பித்தான் பார்ப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும் என்று எழுத வந்தேன், வேண்டாம், அவர் தொடவே வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வழக்குதான், அந்த அளவை எட்ட ரொம்பக் குடிக்கத் தேவையில்லை. நாள் வாடகைக்கு ஒரு காரும் டிரைவரும் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் மடக்கில் நீங்கள் இரண்டு பேரும் முகம் சுளிப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் கிறிஸ்துமஸ் ஒயினில் திராட்சையோடு கிட்டத்தட்டப் போட்டி போடுகிற அளவுக்குச் சர்க்கரை விழும், கூடவே பட்டையும் கிராம்பும். அந்த நாக்கோடு போய் சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்துபோன சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைக் குடித்தால் புளித்த தண்ணீர் என்றுதான் தோன்றும். அவசரப்பட்டுக் கிளாஸை வைத்துவிடாதீர்கள், இரண்டாவது, மூன்றாவது மடக்கில் நாக்கு பழகும். செனின் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயினில் கொஞ்சம் இனிப்பு மிச்சம் வைத்துப் போடுகிற வகை உண்டு, அதிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

உள்ளே தொட்டி அறைக்குக் கூட்டிப்போனால் ஒரு எச்சரிக்கை. நொதிக்கிற தொட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள். சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது கரியமில வாயு கிளம்பும், காற்றைவிடக் கனமானது, தொட்டி வாயில் தேங்கி நிற்கும். நிறமோ வாடையோ காட்டிக்கொடுக்காது. ஆலைகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இனி என்ன கேட்பது. எந்த மரப்பீப்பாய், எத்தனை மாதம் என்று எல்லாரும் கேட்பார்கள், அதற்கான பதில் அவர்கள் சுவரிலேயே எழுதியிருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: போன வருஷம் போட்டதில் எவ்வளவு இன்னும் விற்காமல் கிடக்கிறது? இதைக் கொஞ்சம் பேசிப் பழகிய பிறகு கேளுங்கள். அவர் முகம் மாறும், ஆனால் பதில் சொல்வார், அந்தப் பதிலில் உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கும் பாதி விடை இருக்கும்.

ஏனென்றால் சின்ன ஆலைக்காரருக்கு ஒயின் போடுவது பெரிய சிரமம் இல்லை, விற்பதுதான் சிரமம். கணக்கைப் பாருங்கள். ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் திராட்சை போகும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. விவசாயிக்குப் பணம் பழம் வந்ததும் கொடுக்க வேண்டும், ஒயின் காசாகி வர வெள்ளை என்றால் சில மாதம், பீப்பாயில் வைக்கிற சிவப்பு என்றால் ஒன்றிரண்டு வருஷம். அதற்குள் அடுத்த அறுவடை வந்து நிற்கும், மறுபடியும் பணம் வேண்டும். குளிர்விக்கும் ஸ்டீல் தொட்டிகள் கல்யாண மண்டபத்து அண்டா மாதிரி, சீசனில் ராத்திரி பகலாக ஓடும், மீதி மாதங்கள் பெரும்பாலும் காலியாக நிற்கும், ஆனால் அவற்றுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். நல்ல கார்க் வெளிநாட்டுச் சரக்கு, பீப்பாயும் அப்படித்தான். கோடையில் கரன்ட் போனால் ஜெனரேட்டர், இல்லையென்றால் தொட்டியில் இருப்பது கெட்டுப்போகும்.

வரி விஷயம் இதைவிட வயிற்றெரிச்சல். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது குடிக்கும் மதுவை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி, மெஷின் என்று வாங்குகிற எல்லாவற்றுக்கும் ஆலைக்காரர் ஜிஎஸ்டி கட்டுகிறார். மற்ற தொழிலில் அதை விற்பனை வரியில் கழித்துக்கொள்வார்கள். இவர் விற்பதற்கு ஜிஎஸ்டியே இல்லாததால் கழிக்க இடமில்லை, கட்டியது கட்டியதுதான். அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. லேபிளைப் பதிவு செய்ய மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கட்டணம், அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். லட்சம் பெட்டி விற்கிறவருக்கு அது பொருட்டே இல்லை, ஐந்நூறு பெட்டி அனுப்புகிறவருக்கு லாபமே அதில் போய்விடும். விளம்பரமும் கூடாது. கடையில் இடம் கிடைத்தாலும், பிராந்தி பாட்டில்களுக்கு நடுவில், பகல் முழுக்க வெயில் விழுகிற அலமாரியில் நிற்க வைப்பார்கள். பிராந்தி தாங்கும், ஒயின் தாங்காது. வாங்கினவர் 'இந்தக் கம்பெனி சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்.

இத்தனைக்கும் மகாராஷ்டிரம் 2001-லும் கர்நாடகம் 2007-லும் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து சலுகை கொடுத்த மாநிலங்கள். அங்கேயே இந்த நிலை. 2022-ல் சூப்பர்மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே நின்றுபோனது.

ஆகவே சின்ன ஆலைக்காரரைத் தூக்கி நிறுத்துவது வாசலுக்கு வருகிற ஆள்தான். நடுவில் கமிஷன் இல்லை, கடன் பாக்கி இல்லை, வெயில் அலமாரி இல்லை, காசு அன்றைக்கே கையில். நாசிக்கில் சூலா என்ற ஒயின் ஆலை 2005-ல் ருசி பார்க்கும் கூடத்தைத் திறந்த பிறகுதான் ஆலைக்குக் குடும்பத்தோடு போகிற பழக்கமே நம் நாட்டில் பரவியது. அதனால் ருசி பார்க்கக் கேட்கிற கட்டணத்துக்குப் பேரம் பேசாதீர்கள், இலவசமாக இன்னொரு கிளாஸ் கேட்காதீர்கள். பிடித்திருந்தால் ஒரு பாட்டிலாவது அங்கேயே வாங்குங்கள். அதுவும் பெங்களூரு கடையில் கிடைக்காத வகை எது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் ஆசைக்கு வருகிறேன். நேராகச் சொன்னால், நம் குமரி மாவட்டத்தில் இப்போதைக்கு வேண்டாம். வாசல் விற்பனை என்று மேலே சொன்னேன் பாருங்கள், தமிழ்நாட்டில் அந்த வாசல் கிடையாது. 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். லைசென்ஸ் வாங்கி ஆலை போட்டாலும் வருகிறவருக்கு நீங்களே ஊற்றிக் கொடுத்து விற்க முடியாது, டாஸ்மாக் எடுத்தால்தான் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2022-ல் பழ ஒயினுக்கென்று சிறு ஆலை விதிகள் வந்திருக்கின்றன. அன்னாசி, வாழை, பலா, முந்திரிப்பழம் எல்லாம் போடலாம். நமக்கு வாய்ப்பு என்று துள்ளாதீர்கள், அந்த விதிகள் கேரளத்தில் விளைந்த பொருளுக்குத்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் காய்த்த அன்னாசிக்கு அங்கே இடம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே மழை, ஆனாலும் அப்படித்தான்.

பழத்தையும் பார்த்துவிடுவோம். திராட்சை நம் பக்கம் சரிவராது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊரில் இலையில் பூஞ்சை ஓயாது, மருந்தடித்தே ஆள் ஓய்ந்துபோவார். அன்னாசியில் சாறு தாராளமாக வரும், சர்க்கரைதான் போதாது. ஒரு லிட்டர் சாறில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும், அந்தக் கணக்கில் அன்னாசிச் சாறு தானாக ஏழெட்டு சதவீதம்தான் எட்டும், மீதிக்குச் சர்க்கரை சேர்க்க வேண்டும். வாழைக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. சர்க்கரை நிறைய, சாறு இறங்காது. பிழிந்தால் கூழ்தான் வரும், கூழைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிற பெக்டினை உடைக்கிற நொதி போட்டு இளக்க வேண்டும். மட்டி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், பழமாகவே நல்ல விலைக்குப் போகும்போது அதைக் கூழாக்கி மினக்கெட வேண்டுமா என்பது என் சந்தேகம். கையில் இருக்கிற அன்னாசியை வைத்து ஸ்குவாஷ், ஜாம் என்று தொடங்குவதானால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவோடு தொடங்கலாம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு எட்டு விசாரித்துவிட்டு வாருங்கள். பெரிய காசு இல்லைதான், ஆனால் விற்க டாஸ்மாக்கை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் போடுவது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்கு விற்றால் சிக்கல் இன்னும் பெரிசு. உங்கள் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துப்போய் அந்த ஆலைக்காரரிடம் காட்ட நினைத்தாலும் நினைப்பார், வேண்டாம். ஒரு வருஷம் நன்றாக வந்தது மறு வருஷம் ஏன் வினிகராகப் புளித்தது என்று வாயால் கேட்டால் போதும். தொட்டியை ஏன் விளிம்பு வரை நிரப்பி வைக்கிறார்கள், காற்று பட்டால் எந்தக் கிருமி புகுந்து என்ன செய்கிறது என்று காட்டியே சொல்லுவார்கள். நம் பரணி ஜாடியில் நடப்பதும் அதேதான்.