ஈஸ்ட் இல்லாமல் பெரிய வெள்ளி பன்

கேள்வி: போன வருடம் பெரிய வெள்ளிக்கு ஹாட் கிராஸ் பன் (மேலே சிலுவைக் கோடு போட்ட மசாலா பன்) செய்யலாம் என்று ஈஸ்ட் போட்டு மாவு பிசைந்து வைத்துவிட்டு மும்மணி நேர ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஈஸ்ட் இல்லாமல் சீக்கிரம் செய்ய வழி உண்டா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் உங்கள் மேல் தப்பில்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பட்டைப் பொடி ஈஸ்ட்டை மந்தமாக்கும். சர்க்கரையும் வெண்ணெயும் கூடினால் அது இன்னும் மந்தமாகும். அதனால்தான் மசாலா பன் மாவு சாதாரண பன் மாவைவிட நிதானமாக உப்பும். பாக்கெட் பழசாக இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஈஸ்ட் இல்லாமல் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பேக்கரி பன் மாதிரி பிய்த்தால் நூல்நூலாக வராது, உதிரும், ஆங்கிலேயர் டீக்குக் கடிக்கும் ஸ்கோனுக்குத்தான் இது தங்கச்சி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் எல்லோரும் சறுக்குவது பிசைவதில்தான். நானும் முதல் தடவை சப்பாத்தி மாவு போலப் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, வெந்ததும் எடுத்துத் தட்டினால் கதவைத் தட்டின சத்தம் கேட்டது!

இரண்டு கப் மைதா (250 கிராம்), இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு, நான்கு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், துருவிய ஜாதிக்காயும் சுக்குப் பொடியும் கால் கால் டீஸ்பூன், கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை மட்டும், கூடினால் பல் வலிக்கு மருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் சலித்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 50 கிராம் வெண்ணெயைத் துண்டு போட்டு, புட்டு மாவு பதத்துக்கு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். உள்ளங்கை படக்கூடாது, சூட்டில் உருகிவிடும். ஒரு கைப்பிடி உலர் திராட்சை, இருந்தால் டூட்டி ஃப்ரூட்டி. அப்புறம் அரை கப் புளித்த தயிரில் கொஞ்சம் பால் கலந்து, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் ஊற்றிச் சேருங்கள். பார்க்க அசிங்கமாக, கட்டியும் முட்டியுமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

தயிர் ருசிக்கு மட்டும் இல்லை. அதன் புளிப்பு சோடாவோடு சேர்ந்தால்தான் காற்றுக் குமிழி வரும், புளிப்பு இல்லாமல் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும். அந்தக் குமிழி ரொம்ப நேரம் காத்திருக்காது என்பதால் மாவு கலக்கும் முன்பே ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கிவிடுங்கள். எட்டு உருண்டை, தட்டில் ஒன்றையொன்று தொடும்படி வையுங்கள், பக்கவாட்டில் மெத்தென்று இருக்கும்.

சிலுவைக்கு மூன்று டேபிள்ஸ்பூன் மைதாவை அதே அளவு தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, கழுவித் துடைத்த பால் கவரின் மூலையில் துளி வெட்டி, மருதாணிக் கூம்பு பிடிக்கிற மாதிரி பிடித்து வரிசை முழுக்க நெட்டுக்கு ஒரே கோடு, குறுக்குக்கு ஒரே கோடு. 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்ததும் சூட்டோடு சர்க்கரைப் பாகைத் தடவினால் பளபளப்பு வந்துவிடும். ஆராதனை மூன்று மணிக்கு முடிந்தால் நாலரைக்கு டீயோடு தட்டில் இருக்கும்.

கேள்வி: ஆங்கிலக் குறிப்புகளில் ‘மிக்ஸ்டு ஸ்பைஸ்’ என்று போடுகிறார்கள். கரம் மசாலா போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் சார், மிளகும் சீரகமும் பன்னுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கலவையில் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சுக்கு, பல சமயம் மல்லி விதைகூட இருக்கும், எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சொந்தங்கள்தான். மேலே சொன்ன அளவு போதும், விரும்பினால் வறுத்த மல்லிப் பொடி கால் டீஸ்பூன் சேருங்கள், நான் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்த வாசனை தினம் கிடைக்கிற சமாச்சாரமாக இல்லை. 1592-ல் லண்டனில் மசாலா ரொட்டியைப் பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், சாவுச் சடங்கு தவிர மற்ற நாளில் விற்கக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். மீறினால் ரொட்டியைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு விரல் உயரம் கல் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். அப்புறம் பன் தட்டை உள்ளே இறக்கி, சிறு தீயில் 25 நிமிடம், நடுவில் திறக்காமல். மேல்பக்கம் சிவக்காது, மைதாச் சிலுவையும் பச்சையாகவே நிற்கும். அதனால் அதை விட்டுவிட்டு, ஆறின பிறகு பொடித்த சர்க்கரையைச் சில சொட்டுப் பாலில் குழைத்துக் கோடு போடுங்கள். எதில் செய்தாலும் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு வெட்டின பக்கம் முறுகவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்காகவே இரண்டு பன்னை ஒளித்து வைப்பேன்.