மேப்ல இருந்த கரை எங்க போச்சு?

கேள்வி: கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கற சால்டன் ஸீ ஏரியோட நூறு வருஷத்துக்கு முந்தின டோபோ மேப் (தரையோட உயரத்தைக் காட்டற மேப்) ஒண்ணு நெட்ல கிடைச்சுது சார். ஏரி மட்டத்துக்கு மைனஸ் போட்டிருக்கு, கரையும் இப்ப சாட்டிலைட்ல தெரியற கரையோட ஒட்டவே இல்ல. சர்வே பண்ணவங்க கோட்டை விட்டுட்டாங்களா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: இல்லைங்க, ரெண்டுமே சரிதான். அந்தப் பள்ளமே கடல்மட்டத்துக்குக் கீழதான் கிடக்கு, அதான் மைனஸ். 1905க்கு முன்னாடி அங்க இந்த ஏரி கிடையாது, உப்பு வாரிட்டிருந்த இடம். இம்பீரியல் பள்ளத்தாக்கு பாசனத்துக்காக கொலராடோ ஆத்துலேர்ந்து வெட்டின கால்வாய்ல வண்டல் அடைச்சிருச்சுன்னு ஆத்தங்கரையில புதுசா ஒரு வாய் வெட்டினாங்க, ஒழுங்கா தலைமதகு கட்டாமலே வெட்டினாங்க, 1905ல வெள்ளம் வந்ததும் அது அறுத்துக்கிட்டு கிட்டத்தட்ட மொத்த ஆறும் பள்ளத்துக்குள்ள திரும்பிருச்சு. சதர்ன் பசிஃபிக் ரயில்வேக்காரங்க வேகன் வேகனா பாறையைக் கொட்டி 1907 பிப்ரவரியிலதான் அடைச்சாங்க. உப்பளம், ரயில் பாதை எல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு.

அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்குள்ள 50 அடிக்கு மேல வத்திருச்சு. வெளிய போக வழியில்லாத ஏரி, வெயில் மட்டுமே வருஷத்துக்கு சுமார் 6 அடி குடிச்சிரும். இப்ப உயிரோட இருக்கறதே வயல்லேர்ந்து வர்ற வடிகால் தண்ணியாலதான், அதுவும் குறைஞ்சுட்டே வருது. தெற்குப் பக்கம் தரை தாம்பாளம் மாதிரி கிடக்கறதால மட்டம் ஒரு அடி இறங்கினாலே கரை ரொம்ப தூரம் உள்ள போயிரும். அதனால மேப்ல நீலக் கரையைப் பார்க்கும்போது ஓரத்துல சர்வே வருஷத்தையும் பாருங்க, அது அந்த வருஷத்துக் கரை மட்டும்தான், ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற காண்டூர் கோடுங்கதான் அவ்வளவா நகராது.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். உங்க மேப்ல ஏரிக்கு மேற்க மலையடிவாரத்துல கடல்மட்டத்துக்கு மேல 40 அடி கோட்டைத் தேடுங்க. அதையொட்டித்தான் கஹுயியா ஏரின்னு சொல்ற பழைய பெரிய ஏரியோட கரை, இதே கொலராடோ தானா திசைமாறி நிரப்பினது. உப்புத்தண்ணி பக்கெட்ல கறை படியுமே, அந்த மாதிரி பாறையில சுண்ணாம்புப் படிவம் அந்த மட்டம் வரைக்கும் அப்பிக்கிட்டிருக்கு. அதுக்குக் கீழ சரிவுல அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான கஹுயியா ஜனங்க மீன் பிடிக்க கல் அடுக்கின வளைவுங்க வரிசை வரிசையா இறங்குது, தண்ணி இறங்க இறங்க அவங்களும் கீழ வந்து புதுசா அடுக்கியிருக்காங்க.