குறும்பு, சரசம், சல்லாபம்: கேளுங்க சொல்றேன்

கொஞ்சல், வழியல், வம்பிழுக்கிறது, இந்த மாதிரி வார்த்தைங்க எங்கேருந்து வந்துச்சுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க. இன்னிக்கு ஃப்ரீதான், வரிசையா கேளுங்க.

கேள்வி: சார், குறும்புங்கிறது பழைய தமிழ்லயும் இதே அர்த்தம்தானா?

பதில்: மேட்டரே அங்கதான்பா இருக்கு. குறள் 735 எடுத்துப் பாரு, நல்ல நாட்டுல எதெல்லாம் இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு வரும்போது 'வேந்தலைக்கும் கொல்குறும்பு'ன்னு வரும். அதாவது ராஜாவையே அலைக்கழிக்கிற, கொலைக்கு அஞ்சாத குட்டித் தலைவனுங்க. அவனுங்க கோட்டைக்கும் குறும்புன்னுதான் பேரு. பெரிய அரசனுக்கு அடங்காம சின்னக் கோட்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு ஆட்டம் போட்டவனுங்க. என்னைக் கேட்டா, அந்த அடங்காத்தனம் மட்டும் மிஞ்சி, கொலை குத்தெல்லாம் கழண்டு போய்த்தான் இப்போ ஒருத்தி கன்னத்தைக் கிள்ளி "குறும்புக்காரா"ன்னு சொல்ற வரைக்கும் வந்து நிக்குது.

கேள்வி: விஷமம்கிறது விஷத்துலேருந்து வந்ததுதானே?

பதில்: இல்ல. வி + சமம். சமமா இல்லாதது, மேடுபள்ளம்.

கேள்வி: சல்லாபம்னு வாயில சொல்லவே கூச்சமா இருக்கு அண்ணா.

பதில்: பாவம்மா அந்த வார்த்தை, அது ஒரு தப்பும் பண்ணல. சமஸ்கிருதத்துல ரெண்டு பேர் சேர்ந்து பேசிக்கிட்டா சல்லாபம், அவ்ளோதான். பிரலாபம்னா புலம்பல், அதுவும் அதே வேர்தான். நம்ம ஆளுங்கதான் கள்ளக்காதல் நியூஸ்ல போட்டுப் போட்டு நாறடிச்சுட்டாங்க.

கேள்வி: அப்போ சரசம்?

பதில்: ரசத்தோட இருந்தா சரசம், ரசம் கெட்டுப்போனா விரசம். நீங்க சோத்துல ஊத்திக்கிற ரசமும் இதே ரசம்தான்.

கேள்வி: ஜொள்ளு காலேஜ் பசங்க கண்டுபிடிச்சதாமே?

பதில்: வார்த்தை அவங்களோடது இல்ல. தெலுங்குலயும் கன்னடத்துலயும் ஜொள்ளுன்னா வாயில ஒழுகுற எச்சில், பச்சக்குழந்தைக்கு ஒழுகுமே அதான். பொண்ணைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நின்னவனுக்கு அதை மாட்டிவிட்டது வேணும்னா பசங்க வேலையா இருக்கும்.

கேள்வி: எல்லாத்தையும் வடமொழி தெலுங்குன்னே தள்றீங்களே, தமிழுக்குன்னு சொந்தமா ஒன்னு கூடவா இல்ல?

பதில்: ஏன் இல்ல, ஊடல் இருக்கே! சங்கப் பாட்டுல வயல்வெளி சார்ந்த மருதத்திணைக்கு உரிப்பொருளே, அதாவது மையமான உணர்வே அதுதான். நிஜக் கோபம் கிடையாது, சமாதானப்படுத்துவான்னு தெரிஞ்சே மூஞ்சியைத் திருப்பிக்கிறது. வள்ளுவர் கடைசி 3 அதிகாரத்தை இதுக்குன்னே ஒதுக்கிட்டாரு. உப்பு மாதிரி அளவா இருக்கணும்னு குறள் 1302ல சொல்றாரு. 1317ல பாருங்க, அவன் தும்முறான், இவ நூறு வயசுன்னு வாழ்த்துறா, வாழ்த்தின வாய் மூடல, அதுக்குள்ள "எவ நெனச்சு தும்முனீங்க"ன்னு அழ ஆரம்பிச்சுடுறா. சரி வம்பே வேணாம்னு அடுத்த குறள்ல தும்மலை அடக்கிக்கிறான், அதுக்கும் "உங்காளு நெனைக்கிறதை எங்கிட்டேருந்து மறைக்கிறீங்களா"ன்னு அழுகை. மனுஷன் எப்படித்தான் தும்முறது?