தோசை ஸ்டால் போடறப்ப இதையும் சேத்து பண்ணுங்க
லண்டன் ஈஸ்ட் ஹாம்ல வாடகை பாக்கியால வீடு பறிபோற குடும்பங்களுக்காக உங்க ஏரியா சாரிட்டி காசு சேக்குது, தோசை ஸ்டால் போட்டா போதுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போடுங்க, ஆனா தோசை வித்த காசுக்கோ ராஃபிள் டிக்கெட்டுக்கோ கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு மேல அரசாங்கம் சாரிட்டிக்கு சேத்து குடுக்கற வரிப்பணம்) கிடையாது, அதனால பக்கத்துலயே தனியா நன்கொடை வாங்குங்க, வருமான வரி கட்டறவங்க பேரு, வீட்டு அட்ரஸ் எழுதி டிக்ளரேஷன் குடுத்தா ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்துகிட்ட இருந்து சாரிட்டிக்கு இன்னொரு 25 பென்ஸ் வரும், அதுக்கான கவரை சாரிட்டிகிட்டயே முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.

அப்புறம் ஸ்டால்ல ஒரு போர்டு வைங்க ப்ளீஸ், வீடு காலி பண்ண நோட்டீஸ் வந்தா உடனே கவுன்சிலுக்கு போங்கன்னு. 56 நாளுக்குள்ள வீடு போற நிலைமைன்னா 2017 வீடிழப்பு சட்டப்படி (Homelessness Reduction Act) அவங்க உதவணும், ஆனா விசா மாதிரி தகுதி பாப்பாங்க. நம்ம ஆளுங்க கூச்சப்பட்டு கடைசி நாள் வரைக்கும் வாயே திறக்கறதில்ல, அதான் ரொம்ப வேதனையா இருக்கு.