கடனை நான் அடைத்துவிட்டால் தம்பி சூதாட்டத்தை நிறுத்திவிடுவானா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, நல்ல வேலையில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளாகக் கைபேசியில் பணம் வைத்து ஆடி வந்திருக்கிறான் என்பது, கடன் கொடுத்தவர்கள் என்னை அழைத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்தக் கடனை மட்டும் தீர்த்துவிட்டால் இனி தொடவே மாட்டேன் என்று அழுகிறான். சென்ற ஆண்டும் வேறு காரணம் சொல்லி என்னிடம் பெருந்தொகை வாங்கினான். என் சேமிப்பை எடுத்துக் கொடுக்கலாமா? குடிப்பழக்கம்கூட இல்லாத பிள்ளை இதில் எப்படி விழுந்தான்?

பதில்: சகோதரி, குடித்தவரை வாடையும் தள்ளாட்டமும் காட்டிக்கொடுத்துவிடும். கைபேசியில் சூதாடுபவரோ உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, உங்களோடு பேசிக்கொண்டே ஒரு மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு எழுந்து போகலாம். இரண்டு ஆண்டுகள் உங்களுக்குத் தெரியாமல் போனதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

இந்தச் சூதாட்ட அடிமைநிலையை ஒழுக்கக்கேடாகவும் பார்க்க வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-லேயே இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் மது, போதைப்பொருள் அடிமைநிலைகள் இடம்பெறும் பகுதிக்கே மாற்றியது. பரிசு எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் சலிக்காமல் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதை, உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து வெகுகாலத்துக்கு முன்பே காட்டிவிட்டார். திரையில் சுழலும் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் பரிசு தரும் சுழல் ஆட்டங்கள் அந்த இயல்பின் மீதே கட்டப்பட்டவை. 10 நாணயம் வைத்து 4 நாணயம் திரும்பி வந்தால் அது 6 நாணய நட்டம். ஆனால் திரையில் விளக்குகள் மின்னி, வெற்றி இசை முழங்கும். மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தவறும்போது, அது முழுத் தோல்வியாக இருந்தும், மூளையில் வெற்றியின்போது கிளர்ச்சியுறும் பகுதிகள் கிளர்ச்சியுறுவதை மூளையைப் படமெடுக்கும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேகம். பந்தயத்தில் நூற்றுக்கு 96 பங்கைத் திருப்பித் தருவதாக ஓர் ஆட்டம் அறிவித்தால், இழப்பு வெறும் 4 தானே என்று தோன்றும். ஒரு நிமிடத்துக்கு 10 சுற்று, சுற்றுக்கு 1 நாணயம் என்று 100 நாணயத்தோடு உட்கார்ந்தவர், வந்ததையும் மீண்டும் மீண்டும் வைத்து ஆடுவதால், ஒரு மணி நேரத்தில் 600 நாணய அளவுக்குப் பந்தயம் வைத்து முடித்திருப்பார். அதில் 4 விழுக்காடு 24 நாணயம். சராசரியாகப் பார்த்தால், கொண்டுவந்ததில் ஏறக்குறைய கால் பங்கு ஒரே மணி நேரத்தில் போய்விடுகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர், ஒருநாள் இரவு 2 மணிக்குத் தம் மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை வென்று, அதை வங்கிக் கணக்குக்கு மாற்றக் கோரியிருந்தார். பணம் வந்து சேர இரண்டு நாளாகும் என்றும், வேண்டுமானால் கோரிக்கையை ரத்துசெய்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்றும் திரை சொன்னது. மனைவி விழித்துவிடாமலிருக்கத் திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். விடியற்காலை 4 மணிக்குக் கணக்கில் எதுவும் இல்லை. பணம் போட ஒரு நொடி, எடுக்க இரண்டு நாள் என்ற இந்த ஏற்பாடு தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

ஆகவே, சேமிப்பை எடுத்துத் தம்பி கையில் கொடுக்காதீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்பதற்காகச் சொல்லவில்லை. அழுகிற நேரத்தில் அவன் உண்மையாகவே நிறுத்த விரும்புகிறான். ஆனால் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற துடிப்புதான் இந்நோயின் மையம். கையில் பணம் வந்த கணத்தில், அதைக் கொண்டே முழுக் கடனையும் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் முந்திக்கொள்ளும். மேலும், யாரோ கடைசியில் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையும் அதனால் வலுப்படும். ஒரு காகிதத்தில் எல்லாக் கடன்களையும், அவன் மறைக்க நினைப்பது உட்பட, எழுத வையுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டு, அவன் சம்பளத்திலிருந்தே, அவன் நம்பும் ஒருவர் மூலம் கட்டச் செய்யுங்கள். அவன் ஆடிய ஒவ்வொரு தளத்திலும் தன்னை நிரந்தரமாக விலக்கும்படி அவனே எழுதிக் கோர வேண்டும். சூதாட்டத் தளங்களுக்குப் பணம் செல்வதைத் தடுக்கும் வசதி வங்கியில் இருந்தால் அதையும் இயக்கச் சொல்லுங்கள். ஆசை அலைபோல எழுந்து, பெரும்பாலும் சற்று நேரத்தில் தணியும். அந்தச் சற்று நேரம் கைக்கும் பணத்துக்கும் நடுவே ஏதாவது தடை இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இவற்றோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எண்ணப் போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது. கடனும் அவமானமும் சேர்ந்து நெருக்கும்போது இந்நோயாளிகளிடம் தற்கொலை எண்ணம் எழுவது அரிதன்று. சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தொடர்ந்து ஒன்பது முறை தோற்றவனுக்குப் பத்தாவது முறை வெற்றி வாய்ப்பு அதிகம்தானே?

பதில்: இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பாவின் மொனாக்கோவிலுள்ள மான்டே கார்லோ சூதாட்ட அரங்கில், சிவப்பும் கறுப்புமான கட்டங்கள் கொண்ட சுழல்வட்டில் (ரூலட்) பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். பந்துக்கு நினைவு கிடையாது. உங்கள் கைபேசியில் எண்களைத் தேர்ந்தெடுக்கும் நிரலுக்கும் கிடையாது.

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது, நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். வாழ்நாளில் ஒரு பரிசுச்சீட்டுகூட வாங்காதவர், சில மாதங்களாகக் கைபேசியில் இரவெல்லாம் பந்தயம் கட்டுகிறார். வயதான காலத்தில் ஏன் இப்படி?

பதில்: அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப்போல் செயல்படும் மருந்துகள், சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட வேட்கையைத் தூண்டுவது மருத்துவ உலகம் நன்கறிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கு அந்த வேட்கை அடங்கிவிடுகிறது. ஆனால் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. ஆகவே நீங்களாக எதையும் நிறுத்தாமல், இந்த வாரமே அவருடைய நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, அவர் எப்போது ஆடத் தொடங்கினார் என்பதையும் மருந்து எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது என்பதையும் தேதியோடு சொல்லுங்கள்.