தேறிவரும் வேளையில் தலை இடித்துக்கொண்டால்: கேள்வி பதில்

மூளை அதிர்ச்சியிலிருந்து (தலை வேகமாகக் குலுங்குவதால் மூளைக்கு ஏற்படும் காயம்) தேறிவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கோலாலம்பூரில் பணியாற்றும் மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

செந்தூல் வாசகி: டாக்டர், மோட்டார் விபத்துக்குப் பின் மூன்று வாரங்களாகத் தேறிவருகிறேன். நேற்று சமையலறை அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அதிலிருந்து தலை கனக்கிறது. மூளை மறுபடியும் அடிபட்டிருக்குமா?

பெரும்பாலும் இல்லை, அம்மா. தலையின் தோலில் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் நிறைந்திருப்பதால் சிறிய இடிகூடப் பெரிதாக வலிக்கும். மூளைத் திசுவுக்கோ வலியுணர்வே கிடையாது. ஆகவே வலியின் அளவைக் கொண்டு மூளையின் நிலையைக் கணிக்க முடியாது. மூளையை அதிரவைப்பது தலை திடீரென வேகமெடுப்பதும், நிற்பதும், குறிப்பாகச் சுழல்வதும்தான். நின்ற இடத்தில் கதவில் இடித்துக்கொள்ளும்போது தலை அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. ஆனால் பயத்தில் கழுத்துத் தசைகள் இறுகுவதும், தலை எப்படியிருக்கிறது என்று மணிக்கொருமுறை சோதித்துப் பார்ப்பதும் உண்மையான தலைவலியையும் கிறுகிறுப்பையும் உண்டாக்கும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தேவைப்பட்டால் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் வேலையைக் குறைத்துக்கொண்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இருட்டறையில் நாள்கணக்கில் முடங்கிக் கிடப்பது தேறுவதைத் தாமதப்படுத்தும்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு, குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ 999-ஐ அழையுங்கள். விபத்தின்போது அணிந்திருந்த தலைக்கவசத்தை இன்னும் வைத்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். உள்ளே நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது.

ஜெலுத்தோங் வாசகர்: 72 வயது அப்பா இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறார். குளியலறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். வலியே இல்லை என்கிறார்.

மேலே சொன்ன ஆறுதல் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: தேறிவரும் நிலையில் காரின் பின்கதவு தலையில் பட்டுவிட்டது. மறுபடியும் மூளை அதிர்ச்சியா?

முதல் பதிலைப் பாருங்கள்.

செராஸ் வாசகி: எதற்கும் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

சிடி இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சியைக் காட்டாது. அபாய அறிகுறி இல்லாதபோது மன நிம்மதிக்காகக் கதிர்வீச்சை ஏற்பது வீண்.

அம்பாங் வாசகர்: சின்ன இடிகள் பாதகமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். என் 15 வயது மகனுக்கு அடிபட்டுப் பத்து நாள்தான் ஆகிறது, இலேசான தலைவலி மட்டும் இருக்கிறது. சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் இறங்கினால் என்ன?

ஐயா, அலமாரிக் கதவு உங்கள் மகனை நோக்கி ஓடிவருவதில்லை. ஓடிவரும் ஆட்டக்காரரின் தோள் நெஞ்சில் மோதினாலே தலை சுண்டப்பட்டு மூளை அதிரலாம். தலையில் அடிபட வேண்டியதே இல்லை. பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பிய பின், இலேசான ஓட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக முன்னேற வேண்டும்; ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. உடல் மோதும் பயிற்சிக்கு முன் அறிகுறிகள் முற்றாக நீங்கி, மருத்துவரின் ஒப்புதலும் கிடைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தேற நான்கு வாரம் ஆவது இயல்பே.

ஆயர் ஈத்தாம் வாசகர்: நான் பழைய ஆட்டக்காரன். எங்கள் காலத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடர்ந்து ஆடினோம். மெத்தைத் தலைப்பட்டை போட்டால் போதாதா?

பட்டை தோலைக் காக்கும். உள்ளே மூளை அசைவதைத் தடுக்காது. தேறாத மூளையில் இரண்டாவது அதிர்வு ஏற்பட்டால், அரிதாக என்றாலும், மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம்; அப்படிப் பதிவானவர்களில் பெரும்பாலோர் இளையவர்களே. கால்பந்து விதிகளே 2024 முதல் இத்தகைய காயத்துக்கெனக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கப் போட்டி அமைப்பாளர்களுக்கு இடமளிக்கின்றன. தண்ணீர் தெளித்து ஆடியவர்களில் நலமாக இருப்பவர்கள்தாம் இன்று கதை சொல்ல வருகிறார்கள்.

அம்பாங் வாசகர்: அரை மணி நேரம் மட்டும் ஆடினால்?

ஒரு நிமிடமும் கூடாது.

கெப்போங் வாசகி: தேறிவரும் நான் கட்டில் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டேன். இரவில் தூங்கவே கூடாது என்கிறார் மாமியார்.

இடித்துக்கொண்டதற்கு மீண்டும் முதல் பதில்தான். அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் நன்றாகத் தூங்குங்கள். தேறிவரும் மூளைக்குத் தூக்கம் தேவை. மாமியாருக்கு மனம் கேட்காவிட்டால், முதல் இரவு மட்டும் உங்கள் அறையில் படுத்துக்கொள்ளட்டும்.

செந்தூல் வாசகி: பத்துமலைக்குப் போகலாமா, டாக்டர்?

போகலாம். 272 படிகளைவிட வெயிலும் கூட்ட இரைச்சலும்தான் தலைவலியைத் தூண்டும். காலையிலேயே சென்று, தலை கனக்கத் தொடங்கினால் பாதியில் இறங்கிவிடுங்கள். மோட்டாரில் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம்.