நாவலா, நாளிதழா, பாடநூலா? ஆங்கிலச் சொல்வளம் – கேள்வி பதில்

டீச்சர், ஆங்கில நாவல் நிறையப் படிக்கிறேன். ஆனாலும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் திணறுகிறேன். ஏன்?

நாவலில் புழங்கும் சொற்கள் வேறு, தேர்வில் வரும் சொற்கள் வேறு. மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. 'அனலைஸ்', 'கான்டெக்ஸ்ட்', 'சிக்னிஃபிகன்ட்' எல்லாம் அந்த ரகம். அவர் ஆராய்ந்த கல்வி நூல்களில் சுமார் 10 சதவீதம் இந்தச் சொற்கள்தான். ஒப்பிட்டுப் பார்த்த புனைகதைகளிலோ 1.4 சதவீதம்! எத்தனை நாவல் படித்தாலும் இவை அரிதாகத்தான் எதிர்ப்படும். அறிவியல் கட்டுரை, வரலாறு, பொருளாதார அறிமுக நூல் என்று கொஞ்சம் இந்தப் பக்கமும் வாருங்கள். அதற்காக நாவலை விட்டுவிடாதீர்கள். ஒருவர் எப்படி முறைத்தார், முணுமுணுத்தார், தயங்கினார் என்று சொல்ல வார்த்தை வேண்டுமானால் அங்கேதான் கிடைக்கும்.

செய்தித்தாளில் தலைப்பே புரியவில்லையே, பிறகு செய்தியை எப்படிப் படிப்பது?

தலைப்பைக் கடைசியில் பாருங்கள். இடம் குறைவு என்பதால் விசாரணைக்கு 'ப்ரோப்' என்பது போலக் குட்டைச் சொற்களைப் போடுவார்கள். அப்புறம், தினமும் பத்துச் செய்தி வேண்டாம். ஒரே விவகாரத்தை ஒரு வாரம் தொடருங்கள். அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், தானாகப் பதியும். மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் 'நேரோ ரீடிங்' என்று வலியுறுத்தியது இதைத்தான்.

புத்தகம் எனக்குக் கடினமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பக்கத்தில் நூறு சொல் எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்கு மேல் போகாவிட்டால் சரி. 98 சதவீதம் தெரிந்திருந்தால் துணையில்லாமல் படிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாதாரண நாவலையும் நாளிதழையும் அப்படிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டார். அவ்வளவு தெரியாதவர்கள் படிநிலை வாசிப்பு நூல்களில் (கற்பவர்களின் நிலைக்கேற்ப எளிய சொற்களில் எழுதியவை) தொடங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

புதுச் சொல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதவா?

வேண்டாம். இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

என் மகன் கிரிக்கெட் செய்தி மட்டும்தான் படிக்கிறான், மேடம்.

படிக்கட்டும் அம்மா, தடுக்காதீர்கள். ஆட்ட வர்ணனையிலிருந்து வீரர்களின் பேட்டிக்கும், பிறகு தன்வரலாற்றுக்கும் நகர்த்துங்கள். ஆள் தெரிந்தவர் என்பதால் ஆர்வம் குறையாது. குடும்பம், காயம், பணம், பயம் பற்றிய சொற்கள் அங்கே வந்து சேரும்.